லாரி எஞ்ஜின் பிரேக்கின் மின்சாரக் கோளாறுகள்

கோவளம் கடலுக்குச் சமீபமான படூரில் உப்புக் காற்றினால் மின்சார இணைப்புகளில் களிம்பேறுவது வழக்கம். எஞ்ஜின் பிரேக் பொருத்திய லாரி இங்குப் பல நாள் நின்றால் அதற்கும் இக்கதியே. சமவெளியில் அக்குறை புலப்படாது. விளைபொருள் ஏற்றி மலைச்சரிவில் இறங்கும்பொழுதே தெரியும். 1931-இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் சக்கர பிரேக் வலுவிழக்க, மயிரிழையில் தப்பிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவரே பின்னர் இவ்வகைப் பிரேக்கை அமைத்தார். 1961-இல் அது விற்பனைக்கு வந்தது.

ஸ்விட்சைப் போட்டு ஆக்ஸிலேட்டரினின்று காலை எடுத்ததும், மின்சாரம் ஸோலனாய்டு சுருளை அடைந்து எண்ணெய்க்கு வழிவிடும். அவ்வெண்ணெயின் அழுத்தம் வெளிப்போக்கு வால்வைத் திறக்க, இறுகிய காற்று வெளியேறி எஞ்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். கிளட்சை மிதித்தால் மின்சாரம் அறுபடும். இன்றேல் எஞ்ஜின் நின்றுவிடும்.

பிரேக் வேலை செய்யாவிடில் உடனே புதுச் சுருள் வாங்குவோர் பலர். பெரும்பாலும் அது வீண் செலவே. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்புக. முதலில் ப்யூஸைப் பார்த்தபின், சோதனை விளக்கின் ஒரு நுனியைச் சட்டத்தில் பொருத்தி, மறு நுனியால் ஸ்விட்சு, கிளட்சு ஸ்விட்சு, ஆக்ஸிலேட்டர் ஸ்விட்சு, சுருள் முனை எனத் தொடர்ந்து தொடுக. விளக்கு எங்கு எரியவில்லையோ, அதற்கு முந்திய பகுதியிலேயே கோளாறு. சுருள் முனையிலும் எரிந்தால், சுருள் பதிந்த உலோகத்தைப் பாட்டரியின் நெகடிவ் முனையுடன் தனிக் கம்பியால் இணைத்து ஸ்விட்சைப் போடுக. 'டக்' என்ற ஓசை கேட்டால் பழுது எர்த் இணைப்பில்; உப்புத் தேய்த்த இடத்தைச் சுரண்டி இறுக்கினால் போதும். ஓசையில்லையேல் சுருளை மாற்றலாம்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள புது லாரிகளில் இவ்விளக்கை உபயோகித்தல் கூடாது. அங்கு மல்டிமீட்டரும், அந்த வண்டிக்குரிய கம்பி வரைபடமும் வேண்டும்.