இளகும் சூடு, சிதையும் சூடு

அடுப்புச் சூட்டில் பாலித்தீன் பை இளகிவிடும். குக்கர் கைப்பிடி இளகாது. இரண்டுமே பாலிமர்தான். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டு உருவான நீண்ட சங்கிலிகளே பாலிமர்கள். பாலித்தீனில் அந்தச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை. சூடு ஏறினால் வழுக்கி நகரும். கைப்பிடியிலுள்ள பேக்கலைட்டிலோ குறுக்குப் பிணைப்புகள் அவற்றை வலைபோல் இறுக்கியிருக்கின்றன. அது கருகும், உருகாது.

உருகும் வகைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மெல்லிய பைகளின் பாலித்தீன் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸில் உருகும். பாலிபுரோப்பிலீனுக்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். தண்ணீர் பாட்டிலின் 'பெட்' உருக 250 டிகிரியாவது தேவை. ஆனாலும் கொதிநீர் ஊற்றினால் அந்த பாட்டில் சுருங்கிப்போகிறது. 70 முதல் 80 டிகிரிக்குள் அதன் விறைப்பு தளர்ந்து, வார்ப்பில் இழுத்து நீட்டப்பட்ட சங்கிலிகள் மீண்டும் சுருள்வதே காரணம்.

இன்னும் சூடேற்றினால் சங்கிலிகளே அறுந்து வாயுக்கள் கிளம்பும். உருகுவதற்கும் சிதைவதற்கும் இடைப்பட்ட அந்த இடைவெளியில்தான் தமிழ்நாட்டின் பிளாஸ்டிக் சாலை பிறந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் சுமார் 170 டிகிரி சூட்டிலுள்ள ஜல்லியில், அந்தச் சூட்டில் உருகும் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினார். அவை உருகிக் கல்லின்மேல் படலமாய் ஒட்டின. பிறகு தார் கலக்கப்பட்டது. அந்தச் சூட்டில் நச்சு வாயு வராது என்பதை, சூடேறும்போது எடை குறைகிறதா என்று அளக்கும் வெப்ப எடைப் பகுப்பாய்வு காட்டியது. பி.வி.சி.க்கு விலக்கு, சூடேறினால் அது ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும். இந்த முறைக்கு 2006இல் காப்புரிமையும், அவருக்கு 2018இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

பாலிமர்கள் சூட்டில் நடந்துகொள்ளும் விதம் இளநிலை மாணவர்களுக்கு ஏற்ற ஆய்வுக்களம். வெப்ப எடைப் பகுப்பாய்வுக்குச் சில மில்லிகிராம் மாதிரி போதும். அதற்கான கருவி இல்லாத கல்லூரியிலும் தொடங்கலாம்: ரப்பரும் பாலிமர்தான், எடை தொங்கும் ரப்பர் பட்டையைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கும். ஆங்கிலேய அறிஞர் ஜான் கஃப் 1805இலேயே பதிவுசெய்த இந்த வியப்பை அளக்க ஒரு வெப்பமானியும் அளவுகோலும் போதும்.

இத்தகைய ஆய்வுக்கு, திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்நகரிலேயே அரசு கலைக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. மாணவர் ஆய்வுகளுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் நிதியுதவி தருகிறது. தங்கள் ஊராட்சியில் சேரும் பிளாஸ்டிக்கை வகை பிரித்து, எது எத்தனை டிகிரியில் இளகுகிறது, எதில் சிதைகிறது என்று அந்த மாணவர்கள் அளக்க முன்வர வேண்டும். ஆசிரியர்கள் வழிகாட்ட வேண்டும்.