திரை இருண்டால் கணினி செத்துவிட்டதா?

எங்கள் பள்ளிக் கணினி அறையில் இணைய இணைப்பு ஒன்று, கணினிகள் பதினெட்டு. இணைப்போடு வந்த சிறிய ரூட்டர் வீட்டுக்கானது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து இணையத்தில் நுழைந்தாலே அது திணறி நின்றுவிடும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புக்கு இணையவழி வினாடி வினா நடத்தினேன். பாதிப் பேர் விடை எழுதி முடித்தார்கள். மீதிப் பேர் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படித்துவிட்டு வந்தும் எழுத முடியாமல் போன அந்தப் பிள்ளைகளின் முகம் என்னை உறுத்தியது.

புதிய கருவி வாங்க நிதி இல்லை. ஆனால் அறையின் மூலையில் பழைய கோர் 2 டியோ கணினி ஒன்று தூசி படிந்து கிடந்தது. தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, இருப்புப் பதிவேட்டில் குறித்துவிட்டு, அதையே ரூட்டராக மாற்ற முனைந்தேன். அந்த வேலையில் என்னை நிறுத்தியது திரைச் சிக்கல். அதைத் தீர்த்த வழி மற்ற பள்ளிகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என்ன தேவை?

பிஎஃப்சென்ஸ் என்பது ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் அமைந்த, கட்டணமில்லாத திறந்தமூல மென்பொருள். இதன் பணி 2004இல் தொடங்கியது. பதிப்பு 2.4 முதல் இது 64 பிட் செயலிகளில் மட்டுமே இயங்கும். கோர் 2 டியோ அந்த வகையைச் சேர்ந்ததே. கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும்: ஒன்று வெளி இணைப்புக்கு, மற்றொன்று அறைக் கணினிகளுக்கு. இரண்டாவது கார்டையும் கூடுதல் ரேமையும் பழுதான இன்னொரு கணினியிலிருந்து எடுத்துக்கொண்டேன். நிறுவும்போது வன்தட்டில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். தேவையான கோப்புகளை முன்பே நகலெடுத்துவிடுங்கள்.

நடந்தது என்ன?

பென் டிரைவைச் செருகி இயக்கினேன். தொடக்கப் பட்டியல் தெளிவாகத் தெரிந்தது. சில வரிகள் ஓடின. பிறகு திரை கறுத்துவிட்டது. மூன்று முறை முயன்றும் அதேதான். "இது தேறாது, பழைய இடத்திலேயே வைத்துவிடுவோம்" என்றேன்.

அருகில் நின்ற மாணவி, வகுப்பில் அதிகம் பேசாதவள், விசைப்பலகையில் நம் லாக் விசையை அழுத்தினாள். "தொடாதேம்மா" என்று சற்றுக் கடிந்தே சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், அழுத்தினா லைட் எரியுது, மறுபடி அழுத்தினா அணையுது. உள்ள ஓடிட்டுதான் இருக்கு போல."

அவள் சொன்னது சரி. கணினி முழுவதும் உறைந்துபோயிருந்தால் அந்த விளக்கு மாறாது. கணினி வேலை செய்துகொண்டிருந்தது. திரைக்கு மட்டும் செய்தி வரவில்லை. அறிவியல் வகுப்பில் 'முதலில் உற்றுநோக்கு, பிறகு முடிவு செய்' என்று சொல்லித் தருகிற நான், முடிவை முதலில் எடுத்துவிட்டேன்.

திரை எப்போது இருள்கிறது?

சிக்கலைக் கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும்.

முதலாவது, மின்சாரம் கொடுத்ததிலிருந்தே இருட்டாக இருந்தால், மென்பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மானிட்டர் கேபிளைச் சரிபாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும். பீப் ஒலி விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் ரேம் அல்லது கிராபிக்ஸ் கார்டு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். மின் இணைப்பை முழுவதும் துண்டித்தபின் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்துப் பொருத்துங்கள்.

இரண்டாவது, பட்டியல் வந்தபின் இருண்டால், பதிவிறக்கிய கோப்பைச் சரிபாருங்கள். பழைய பதிப்புகளின் நிறுவல் கோப்பு விஜிஏ, சீரியல் என இரு வகையாகக் கிடைத்தது. சீரியல் வகையை எடுத்திருந்தால் செய்திகள் எல்லாம் சீரியல் போர்ட்டுக்குப் போய்விடும். மானிட்டரில் எதுவும் வராது. நமக்கு வேண்டியது விஜிஏ வகை.

மூன்றாவது, சரியான கோப்பை எடுத்தும் இருண்டால், அதுதான் எனக்கு வந்த சிக்கல். ஃப்ரீபிஎஸ்டியில் திரையைக் கையாள இரண்டு இயக்கிகள் உள்ளன. புதியது விடி, பழையது எஸ்சி. வழக்கமாக இயங்கும் விடி, திரையை வரைகலை நிலைக்கு மாற்றுகிறது. சில பழைய கிராபிக்ஸ் சில்லுகளும் மானிட்டர்களும் அந்த மாற்றத்தில் தடுமாறுகின்றன. எழுத்துகளை மட்டும் காட்டும் பழைய இயக்கிக்கு மாறினால் போதும்.

செய்ய வேண்டியவை

தொடக்கப் பட்டியல் சில நொடிகளே நிற்கும்; அதற்குள் 3ஐ அழுத்துங்கள். கட்டளை எழுதும் இடம் வரும். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும். 'செட்' என்ற சொல்லை எழுதி ஓர் இடைவெளி விடுங்கள். பின்னர் கே, இ, ஆர், என், ஒரு புள்ளி, வி, டி, ஒய், சமக்குறி, எஸ், சி ஆகியவற்றை இடைவெளியின்றி வரிசையாக எழுதி என்டர் தட்டுங்கள். அடுத்து 'பூட்' என்று எழுதி என்டர். எங்கள் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. நிலையாக இருக்க, நிறுவியபின் பூட் கோப்புறையில் லோடர்.கான்ஃப்.லோக்கல் என்ற கோப்பில் அதே வரியை 'செட்' இல்லாமல், எஸ்சி என்பதை இரட்டை மேற்கோளுக்குள் இட்டுச் சேமிக்க வேண்டும். இந்த வழி பழைய பயாஸ் முறையில் தொடங்கும் கணினிகளுக்கே பொருந்தும். யுஇஎஃப்ஐ முறையில் எஸ்சி இயங்காது.

நிறுவி முடித்தபின் ரூட்டருக்கு மானிட்டரே தேவையில்லை. அறையின் வேறொரு கணினியில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று எழுதினால், அமைப்புகளை எல்லாம் அங்கிருந்தே மாற்றலாம். தொடக்கக் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுங்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: பழைய கணினி, சிறிய ரூட்டரைவிட அதிக மின்சாரம் எடுக்கும். பள்ளி முடிந்ததும் முறையாக நிறுத்திவிடுகிறோம்.

அடுத்த வாரம் அதே வினாடி வினாவை மீண்டும் நடத்தினேன். பதினெட்டுக் கணினிகளிலும் பிள்ளைகள் எழுதி முடித்தார்கள். தொடங்குவதற்கு முன், விளக்கைக் கவனித்தது யார் என்று வகுப்புக்குச் சொன்னேன். அன்று கடிந்துகொண்டதற்கு அவளிடம் வருத்தமும் தெரிவித்தேன்.

இப்போது பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பார்த்தால், 'ஒன்றும் புரியவில்லை போலும்' என்று உடனே முடிவு கட்டுவதில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அறிய ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்.