பொம்மைச் சிப்பாயும் நான்கு பிளாஸ்டிக்கும்

விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள் பெரும்பாலும் பாலித்தீன், பிவிசி, பாலிஸ்டைரீன், பாலியூரித்தேன் ரெசின் ஆகிய நான்கில் ஒன்றால் ஆனவை. இவற்றின் மூலப்பொருள் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது; சென்னையில் இருப்பவர்கள் அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கொருக்குப்பேட்டைக்கு வடக்கே மணலியில் 1969 முதல் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு நடக்கிறது. அங்குள்ள மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலை, ரெசினுக்கு வேண்டிய பாலியால் என்ற திரவத்தையே தயாரிக்கிறது. பிவிசி மட்டும் சற்று வேறு. அதன் எடையில் பாதிக்கு மேல், உப்பிலிருந்து கிடைக்கும் குளோரின்.

பாக்கெட்டில் மொத்தமாக விற்கும் பச்சைச் சிப்பாய் பாலித்தீன். தொட்டால் மெழுகு போல வழுக்கும், நகம் பட்டால் கோடு விழும், துப்பாக்கியை வளைத்தாலும் உடையாது. பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும், பசையும் ஒட்டாது. எதுவும் எளிதில் பற்றிக்கொள்ளாத பரப்பு அதற்கு. வெயிலில் பல ஆண்டுகள் கிடந்தால் இதுவும் நொறுங்கும். மெல்லிய துப்பாக்கி முனைதான் முதலில் போகும்.

பாலிஸ்டைரீன் கடினமானது. கீழே போட்டால் கணீரென்று ஒலிக்கும். சட்டைப் பொத்தான்வரை நுணுக்கம் தெளிவாகப் பதியும். ஆனால் விறைப்பானது என்பதால், உள்வளைவுள்ள உருவத்தை உடையாமல் அச்சிலிருந்து எடுக்க முடியாது. அதனால் கை, தலை, உடல் எனத் தனித்தனியாக வார்த்து ஒட்டுகிறார்கள். இதற்கான பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால் ஒட்டு மிக உறுதி. வளையும் பாலித்தீனை முழு உருவமாகவே அச்சிலிருந்து எடுத்துவிடலாம். மலிவுச் சிப்பாய் ஒரே துண்டாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிவிசி இயல்பில் விறைப்பானது. ரப்பர் போல நெகிழ்வதற்காக அதில் மென்மையாக்கி சேர்க்கப்படுகிறது. ஆண்டுகள் போகப்போக அது மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் பொம்மை இருந்தால் அதையும் இளக்கிவிடும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது.

ரெசின், சேகரிப்பாளர்களுக்கானது. இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கான் அச்சில் ஊற்றுகிறார்கள். நுணுக்கம் அபாரம், விழுந்தால் உடையும். தேய்க்கும்போது வரும் தூசியைச் சுவாசிக்கக்கூடாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உள்ளே வெற்றிடம் இல்லாத உருவத்தைக் குழாய்த் தண்ணீரில் போட்டு, ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் துடைத்துவிட வேண்டும். பாலித்தீன் மிதக்கும், மற்றவை பொதுவாக மூழ்கும். மூழ்கியதை, லிட்டருக்கு 150 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் போட்டால் பாலிஸ்டைரீன் மேலே வரும், பிவிசி அடியிலேயே கிடக்கும். எரித்து மணம் பார்ப்பது ஆபத்து; பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

மென்மையாக்கிகளில் தாலேட் வகையைச் சேர்ந்த சில, குழந்தைகளுக்குத் தீங்கானவை. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வாய்க்குள் எதையும் போடும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில், முத்திரை இல்லாத பாக்கெட்டையும் பிசுபிசுத்துப்போன பழைய சிப்பாயையும் சேர்க்காதீர்கள்.