கடவுள் காதுல பூ சுத்தலாமா?

வாத்தியார் காதுல பூ சுத்தியிருப்பீங்க. வீட்லயும் சுத்தியிருப்பீங்க. கடவுள் காதுல? 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துல தாராளமா முயற்சி பண்ணலாம் பாஸ். சாமி கண்ணைக் குத்தாது!

புதுசா வர்றவங்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் இது. ஒருத்தர் 'டன்ஜன் மாஸ்டர்'. ஊர், ராட்சசன், சாமி எல்லாமே அவர் பொறுப்பு. மத்தவங்க மந்திரவாதி, திருடன், வீரன்னு ஆளுக்கொரு வேஷம் கட்டுவாங்க. நினைச்சது நடக்குமா, நடக்காதான்னு 20 முகப் பகடை சொல்லும்.

இதுல மந்திரம் மொத்தம் எட்டு வகை. அதில் ஒண்ணு மாயத்தோற்றம். 2014-ல் வந்த 5-ம் பதிப்பு விதிப்படி, 'மேஜர் இமேஜ்' மந்திரம் போட்டா 20 அடி கன சதுரத்துக்குள்ள எந்த உருவத்தையும் நிறுத்தலாம். சத்தம், வாசனை, சூடுகூட உண்டு. ஆனா தொட்டா கை உள்ளே போயிடும். சந்தேகப்பட்டு ஆராயறவர் பகடை உருட்டணும். புத்தி 18 உள்ள 5-ம் நிலை மந்திரவாதின்னா, 8+3+4. அந்த 15-ஐ எட்டினா குட்டு உடைஞ்சிடும்.

'ட்ரூசைட்' பார்வை உள்ளவங்களுக்கோ பகடையே தேவையில்லை. பார்த்ததுமே பொய்னு தெரிஞ்சிடும். கடவுளுக்கு அந்தப் பார்வை கொடுக்கறதுதான் நியாயம். அப்போ நம்ம பாச்சா பலிக்காதா?

அவசரப்படாதீங்க. எட் கிரீன்வுட் படைச்ச 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகம், 1987-ல் இந்த ஆட்டத்துக்குள்ள வந்தது. அங்கே எல்லா கடவுள்களுக்கும் மேலே ஏயோன்னு ஒரு பெரிய தலை. பக்தர்களைக் கண்டுக்காத கடவுள்களை அவர் பூமிக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு சட்டம் போட்டார்: 'இனி உங்க பலம், உங்களைக் கும்பிடறவங்க கையில்!'

மேட்டரே இங்கேதான். கடவுளோட கண்ணை ஏமாத்த முடியாது. ஆனா பக்தனோட கண்ணை ஏமாத்தலாமே! கோயில் வாசல்ல ஒரு பொய் அவதாரத்தை நிறுத்தி, 'இனிமே பூஜை வேணாம்'னு பேச வச்சா, அந்தக் கடவுளோட அடிமடியிலயே கை வைக்கறீங்கன்னு அர்த்தம்.

பொய் கடவுளையே கவிழ்த்த கதையும் அங்கே உண்டு. மாயைக்கு அதிபதி லெய்ரா. அவளைக் கொன்னு, அவ பொறுப்பையும் பிடுங்கினவன் சிரிக். படிக்கிற எல்லாரும் அவனையே பெரிய கடவுளா நம்பற மாதிரி 'சிரினிஷாட்'னு ஒரு மந்திரப் புத்தகம் எழுத வச்சான். அதை அவனே படிச்சு, அவனே நம்பி, புத்தி பேதலிச்சுப் போனான்! 1993-ல் ஜேம்ஸ் லௌடர் எழுதிய 'பிரின்ஸ் ஆஃப் லைஸ்' நாவலில் வர்ற கதை இது. லெய்ராவோ, 2015-ல் வந்த விளையாட்டுப் புத்தகத்துல மறுபடியும் கடவுள் பட்டியலில் இருக்கா. செத்ததே அவ காட்டின மாயமோ என்னவோ!

ஸோ, மாஸ்டர்களே... உங்க டேபிள்ல ஒருத்தர் பொய்ச் சாமியை நிறுத்தினா, 'கடவுளுக்குத் தெரியும், பலிக்காது'ன்னு ஊத்தி மூடிடாதீங்க. கூட்டத்துல யார் நம்பினாங்க, யார் சந்தேகப்பட்டாங்கன்னு உருட்டிப் பாருங்க. நம்பின அந்தக் கிழவி நாளைக்கு யார்கிட்ட போய் அழுவான்னு மந்திரவாதியைக் கேளுங்க.

அந்த மந்திரம் மிஞ்சினா 10 நிமிஷம். கிழவி தொலைச்ச நம்பிக்கையைத் திருப்பித் தர எந்தப் பகடையாலும் ஆகாது!