மார்க்கச்சு: அளவறிந்து அணிவோம்

பாதணி வாங்கச் செல்லும் பெண், இரண்டு மூன்று சோடிகளைக் காலில் இட்டு, நாலடி நடந்தும் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்கிறாள். ஆனால், நாளெல்லாம் உடலோடு ஒட்டிக் கிடக்கும் மார்க்கச்சை வாங்கும்போதோ, அக்கம்பக்கம் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஓர் இலக்கத்தைச் சொல்லிவிட்டு, பொதியைப் பெற்றுக்கொண்டு விரைந்து வெளியேறுகிறாள். அந்த இலக்கம் பல ஆண்டுகளுக்கு முன் எவரோ சொன்னதாயிருக்கும். அல்லது தாயோ தமக்கையோ அணிவதாயிருக்கும்.

இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. தோளில் வார் அழுந்திய தழும்பையும், மார்பின் கீழ்த் தோன்றும் வேர்க்குருவையும், தோள் நோவையும் பெண்ணாய்ப் பிறந்ததன் பயனென்று பொறுத்துக்கொள்வோர் பலர். வளரும் பெண்பிள்ளைகளோ தோளைக் குறுக்கி, புத்தகங்களை மார்போடு அணைத்தபடி நடக்கின்றனர். விளையாட்டுப் போட்டி வந்தால் ஏதேனும் சாட்டுச் சொல்லி ஒதுங்குகின்றனர். வலைப்பந்திலும் ஓட்டத்திலும் முன்னிற்கக்கூடிய பிள்ளை, பொருத்தமான உள்ளாடை இல்லாத ஒரே காரணத்தால் மைதானத்தின் ஓரத்தில் நிற்பது எத்துணை இழப்பு!

கச்சு என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பழைய இலக்கியங்களிலேயே பயின்று வருவது. இக்கால மார்க்கச்சின் முன்னோடிகளுள் ஒன்றுக்கு அமெரிக்கப் பெண்மணி மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் 1914ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். கிண்ணத்தின் அளவை எழுத்துகளாற் குறிக்கும் வழக்கம் 1930களில் அந்நாட்டிலே தோன்றியது. இன்று நம் இலங்கைத் தொழிற்சாலைகளிலே தைக்கப்படும் மார்க்கச்சுகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. உலகுக்குத் தைத்துக் கொடுக்கும் நாட்டின் பெண்கள் தம் அளவை அறியாதிருக்கலாமா?

அளக்கும் முறை

வேண்டியவை ஓர் அளவு நாடாவும், கண்ணாடியும், தாழிட்ட அறையுமே. நாடா இல்லையெனில் இழுபடாத நூலும் அடிமட்டமும் போதும். பஞ்சு வைக்காத மெல்லிய கச்சொன்றை அணிந்து நிமிர்ந்து நிற்க.

முதலாவது அளவு மார்பகத்துக்கு நேர் கீழே, விலாவைச் சுற்றி எடுப்பது. நாடா முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். மூச்சை வெளியே விட்டு, நாடா உடலோடு நன்கு படியுமாறு அளந்திடுக. ஒற்றை எண் வந்தால் அடுத்த இரட்டை எண்ணைக் கொள்க. 31 அங்குலமெனின் பட்டியின் அளவு 32.

இரண்டாவது அளவு மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி எடுப்பது. இங்கே நாடாவை இறுக்கலாகாது. இந்த அளவிலிருந்து பட்டியின் அளவைக் கழித்தால் எஞ்சுவது கிண்ணத்தைக் காட்டும்: 1 அங்குலம் ஏ, 2 பீ, 3 சீ, 4 டீ. பட்டி 32, மார்பு 35 எனின் வேறுபாடு 3. ஆகவே அளவு 32 சீ.

விலாவளவோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டும்படி கூறும் அட்டவணைகளும் உள. நன்கு இழுபடும் இக்காலத் துணிகளில் அவ்வாறு கூட்டினால், பெரும்பாலும் பட்டி தளர்ந்து கிண்ணம் சிறுத்துவிடும். 75 பீ போன்ற இலக்கமோ ஐரோப்பிய முறை. அதில் 75 என்பது விலாவளவைச் சென்ரிமீற்றரிற் குறிப்பது. இன்னுமொன்று: பீ என்றால் எல்லாவற்றிலும் ஒரே கிண்ணமன்று. 32 சீ, 34 பீ, 36 ஏ ஆகிய மூன்றின் கிண்ணங்களும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு உடையன.

அணிந்து பார்த்தல்

கணக்கு வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புச் சொல்லாது. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு சற்று மாறும். புதிய கச்சை மிகத் தளர்ந்த கொளுக்கியில் மாட்டிப் பாருங்கள். நாட்பட இழுபடும்போது உள்ளே மாற்றிக்கொள்ளலாம். முதுகுப்புறம் மேலேறினால் பட்டி பெரிது. இரு விரல் மட்டும் நுழைந்தால் சரி. மேல் விளிம்பிற் சதை பிதுங்கினால் கிண்ணம் சிறிது. துணி சுருங்கி நின்றால் பெரிது. பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கவேண்டியது பட்டியே, தோள் வாரன்று.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. இரு மார்பகங்களும் ஒரே அளவாய் இராமை இயல்பே. பெரியதற்கேற்பக் கிண்ணத்தைத் தெரிந்தெடுங்கள். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கொரு முறை அளப்பது நன்று. கருவுற்ற காலத்திலும், பாலூட்டும் காலத்திலும், உடல் பெருத்தாலும் மெலிந்தாலும் அளவு மாறும்.

மார்க்கச்சு அணிவதாற் புற்றுநோய் வரும் என்பது ஆதாரமற்ற பேச்சு. ஆயினும் அளவெடுக்கும் வேளையிற் புதிய கட்டியோ, தோலிற் குழிவோ, காம்பிற் கசிவோ கண்டால் நாட்கடத்தாது வைத்தியரை நாடுக. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகளிலும் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது.

தாய்மார்களே, பூப்பெய்திய மகளுக்குப் பட்டும் நகையும் தேடிக் கொடுக்கிறோம். அவற்றோடு ஓர் அளவு நாடாவையும் கொடுத்து, அதைக் கையாளும் முறையை அருகிலிருந்து சொல்லிக் கொடுப்போமாக. தாய் கூசாமற் பேசினால் மகளும் கூனாமல் நடப்பாள்.