மலைமேல் தக்காளிக் கோழி

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறிச் சென்று, அங்குத் தாமே சமைத்துண்ண முற்படும் குடும்பத்தார் பலர் ஒரு குறையைக் கூறக் கேட்டிருக்கின்றேன். பருப்பு வேக மறுக்கின்றது. சோறு நறுக்கரிசியாக நிற்கின்றது. தக்காளியில் இட்ட கோழியோ, சாறு வற்றி அடிப்பிடித்த பின்னும் எலும்பை விட்டு அகல மாட்டேன் என்கின்றது. தண்ணீர் சரியில்லை என்பார் சிலர். விறகு ஈரம் என்பார் சிலர். மெய்யான காரணம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் இருக்கின்றது.

நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு ஈடாகும்போதுதான் நீர் கொதிக்கின்றது. கடல் மட்டத்தில் அது 100 டிகிரி செல்சியசில் நிகழும். மேலே ஏற ஏறக் காற்றின் பாரம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்குகின்றது. கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: 93 டிகிரி! அதற்குமேல் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஆவி மிகுமேயன்றிச் சூடு மிகாது. தலையில் விறகுச் சுமையுடன் மலைப்பாதையில் இறங்கிவரும் பெண்களைக் கண்டவர், வெறும் ஆவிக்காக ஒரு கட்டை எரிவதைப் பொறுக்கமாட்டார்.

1835ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வின், இரவு முழுதும் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகாத கதையைத் தம் பயண நூலில் எழுதியிருக்கின்றார். உடன் சென்றவர்கள் பழியைப் புதுப்பானையின்மீது சுமத்தினார்களாம்!

ஆயின் எண்ணெய்க்கு இந்தத் தளை இல்லை. மலைமேலும் அது நீரைக் காட்டிலும் மிகுதியாகக் காயும். இறைச்சி பொன்னிறமாகி மணம் பெறுவதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். பிரெஞ்சு வேதியியலார் மெய்யார் என்பவர் 1912இல் விளக்கிய வினை அது. ஆகவே அகன்ற இருப்புச்சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, மஞ்சளும் உப்பும் பூசிய கோழித்துண்டுகளை முதலில் சிவக்க வதக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். துண்டுகளை ஈரமறத் துடைத்துவிட்டு இடுங்கள். மேலே நீர் இருக்கும்வரை அவை அவியுமேயன்றிச் சிவக்கா.

பின்னர், அதே எண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் நன்று; காரமும் மணமும் மிக்கது. உருளைக்கிழங்கு சேர்ப்பதாயின் இந்த இடத்தில் சிறிது நீர் தெளித்து அரைவேக்காடு ஆக்கிவிட வேண்டும். தக்காளிக்குப்பின் இட்டால் கிழங்கு விறைத்தே நிற்கும். காய்கறியின் நுண்ணறைகளை ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் பசையைப் புளிப்பு எளிதில் கரையவிடாது. சாம்பாரில் பருப்பு வெந்தபின் புளி கரைத்து ஊற்றும் நம் பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் அல்லர்; முறை மட்டும் பிழையாது.

அடுத்தது தக்காளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இக்கனியை முன்னோர் சீமைத் தக்காளி என்றனர். ஒட்டன்சத்திரம் சந்தையில் கூடைகூடையாகக் காணலாம். ஒரு கிலோ கோழிக்கு முக்கால் கிலோ பழம் வேண்டும். மிளகாய்த்தூளுடன் அது குழைந்ததும் கோழியைத் திரும்ப இட்டு, இறுக மூடித் தணலைக் குறையுங்கள். இறைச்சியின் நார்ப்பசை 70 டிகிரிக்கு மேலேயே இளகத் தொடங்கும். எனவே 93 டிகிரி போதும், காலந்தான் கூடுதலாக வேண்டும். அதற்குள் சாறு வற்றிவிடாமல் காப்பதே மூடியின் பணி. நாட்டுக்கோழிக்கு ஒன்றேகால் மணியாவது ஆகும். பண்ணைக்கோழி அதிற்பாதியில் வெந்துவிடும்.

எண்ணெய் ஏறிப் பழகாத இரும்பில் புளிப்பை நெடுநேரம் வைத்தால் இரும்புச் சுவை இறங்கும். அத்தகைய சட்டியில் வதக்கியபின் எவர்சில்வர் பாத்திரத்திற்கு மாற்றிவிடலாம். டெனி பாப்பன் 1679இல் செய்துகாட்டிய அழுத்தப் பானையின் வழிவந்த பிரஷர் குக்கரைக் கொண்டால், ஆவியை உள்ளே அடைத்து மலைமேலும் 110 டிகிரியைத் தாண்டலாம். பருப்புக்கு நான் அதையே சொல்வேன். கோழிக்கு மூடியிட்ட சட்டி போதும். இறுதியில் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால், சாறு துண்டுகளின்மேல் பற்றுமளவு திரளும்.