கடனில் மூழ்கினவர் யாரிடம் ஆலோசனை கேட்பது?

கடன் தீர்ந்த பிறகு அதைச் சாட்சியாகச் சொல்லுகிறவர்கள் நம் சபைகளில் அநேகர். கடன் கழுத்தை நெரிக்கும்போது வாய் திறந்து சொல்லுகிறவர்களோ மிகச் சிலர். மும்பையிலோ சூரத்திலோ தில்லியிலோ பிழைக்க வந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இருசக்கர வாகனத்திற்கு ஒரு தவணை, கிரெடிட் கார்டுக்கு ஒரு தவணை, கைப்பேசிச் செயலியில் வாங்கிய கடன், போதாததற்குத் தண்டல்காரர். ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்குகிறார்கள். ஊரில் இருந்திருந்தால் மாமாவோ சித்தப்பாவோ உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பார். இங்கே யாரிடம் போவது?

இக்கேள்விக்கு ஒரு காலத்தில் நேரான பதில் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, நிதிக் கல்வியும் கடன் ஆலோசனையும் தரும் மையங்களுக்கான மாதிரித் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதற்கு முன்னரே பாங்க் ஆப் இந்தியா மும்பையில் 'அபய்' என்ற பெயரில் இத்தகைய மையத்தை நடத்திவந்தது. இத்திட்டத்தில் என் மனதைத் தொட்டது ஒரு சிறு விதி. மையத்தை வங்கிகளே நடத்தலாம், ஆனால் அது வங்கியிலிருந்து விலகி நிற்கவேண்டும்; கூடுமானவரை வங்கிக் கட்டடத்திற்குள் இருக்கலாகாது; கட்டணம் வாங்கக்கூடாது. கடன்பட்டவனின் பயத்தை அறிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்கவேண்டும். கடன் கொடுத்தவரின் மேசைக்கு முன்பாக உட்கார்ந்து எவன் உண்மையைப் பேசுவான்?

ஆனால் 2012 ஜூனில் அத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. மையங்களின் பெயரிலிருந்து 'கடன் ஆலோசனை' நீங்கி, அவை நிதிக் கல்வி மையங்கள் ஆயின. ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னோடி வங்கி மேலாளரின் அலுவலகத்தில் அவற்றை அமைக்கும்படி சொல்லப்பட்டது. பெருநகர மாவட்டங்களோ 2013-ல்தான் முன்னோடி வங்கித் திட்டத்திற்குள் சேர்க்கப்பட்டன. 2017-ல் வந்த வழிகாட்டுதலில் சிறப்பு முகாம்களுக்கென ஐந்து பிரிவினர் குறிக்கப்பட்டார்கள்: விவசாயிகள், சிறுதொழில் செய்வோர், பள்ளிப் பிள்ளைகள், சுயஉதவிக் குழுவினர், முதியோர். அதே ஆண்டில் தொடங்கிய புதிய மையங்களும் ஊராட்சி ஒன்றியங்களை அளவாகக் கொண்டவை.

கிராமத்தின் தேவை மெய்யானது. முதன்முதலாய் வங்கிக் கணக்குத் திறந்தவருக்குக் கற்றுக்கொடுப்பது நல்ல காரியமே. ஆயினும் அந்த ஐந்து பேரில், நகரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு நான்கு இடங்களில் தவணை கட்டும் கூலித் தொழிலாளியைத் தேடிப் பாருங்கள். அவர் இல்லை. நீச்சல் கற்பிக்கும் ஏற்பாடு பெருகியது. மூழ்குகிறவனுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு சுருங்கியது என்றே நான் எண்ணுகிறேன்.

அப்படியானால் வழியே இல்லையா? சில வாசல்கள் உண்டு. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. உங்கள் மாவட்டத்து முன்னோடி வங்கி எது என்று எந்த வங்கிக் கிளையிலும் 'லீட் பாங்க்' என்று கேட்டால் சொல்லுவார்கள். அங்கே நிதிக் கல்வி மையத்தை விசாரியுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ அநியாயம் செய்தால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். முன்பு தனித்தனியாயிருந்த மூன்று குறைதீர்ப்புத் திட்டங்கள் 2021 நவம்பரில் ஒன்றாக்கப்பட்டன. இதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் குறைதீர்ப்பாளர் சேவைக் குறைவை விசாரிப்பவரே. உங்கள் கடனுக்குத் திட்டம் வகுத்துத் தருகிறவர் அல்லர்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறது. இதை அறியாமல் நள்ளிரவு வரை நடுங்குகிற தாய்மார் எத்தனை பேர்!

நம்மில் அதிகம் பேர் அறியாத இன்னொரு வாசல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும், ஆலைத் தொழிலாளரும் வருமானம் எவ்வளவாயிருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். வீட்டில் கணவர் வெட்கப்பட்டுப் பின்வாங்கினால், சகோதரிகளே, அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் சம்மதித்துச் சமரசம் செய்துகொள்ளலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். 'சிபில்' போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை வாங்கி, அதில் வராத தண்டல், கைமாற்றுக் கடன்களையும் சேர்த்து ஒரே தாளில் எழுதுங்கள். கடன் பத்திரங்கள், சம்பளச் சீட்டு, மிரட்டி அழைத்த எண்கள், அழைத்த தேதியும் நேரமும் ஆகிய எல்லாவற்றையும் ஒரு உறையில் வைத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.